சுத்தமான எச்சில்

ஜன்னல் ஓரம் வேண்டுமென்றால் நீங்கள் உட்காருங்கள் அக்கா, எனக்கு எந்தப் பக்கம் என்றாலும் ஒன்றுதான். கூடையைக் காலுக்கடியில் தள்ளிக்கொள்ளுங்கள், வேடசந்தூர் தாண்டினால் கூட்டம் ஏறிவிடும். திண்டுக்கல்தானே? நானும் அங்கேதான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரமாட்டேன், அதற்கு முன்னாலேயே காலேஜ் ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன்.

நான் இப்படி முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற ஆள் இல்லை. ரேஷன் கடையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், நான் பையை மடித்து வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பேன். படிப்பும் ஆறாவது பாதியோடு சரி. ஆனால் இன்றைக்கு அந்தக் காலேஜில் ஒரு டாக்டரம்மாவிடம் நான் வாயைத் திறந்தே ஆக வேண்டும். நேற்றிலிருந்து மனசுக்குள்ளேயே பேசிப் பார்க்கிறேன், பாதியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. உங்களுக்குக் கேட்கிற முகம். உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேனே. தப்பாக நினைக்காதீர்கள்.

அதோ, டிரைவருக்குப் பின் சீட்டில், ஒல்லியாக, தலையை இறுக்கிப் பின்னி, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிறாளே, அவள் நாகஜோதி. என் நாத்தனார். பிள்ளை என்னுடையது, லோகித். அவள் அவனைக் கொஞ்சுவதைப் பாருங்கள். வீட்டில் இப்படித் தொட முடியாது. என் மாமியார் கண்ணில் பட்டால் அவ்வளவுதான், அவர்களை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இந்த பஸ்ஸில் மட்டும்தான் அவனுக்கு இவள் மடி.

ஏன் என்று கேளுங்கள். அவள் ஓட்டக்காரி. மூவாயிரம் மீட்டர் ஓடுவாள். எங்கள் பக்கத்தில் அவளை முந்த ஆள் கிடையாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில், விடிவதற்குள் யாரோ கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறார்கள் என்று பயந்து கத்திவிட்டேன். ஊரே சிரித்தது. அப்புறம் அவளுக்கு முன்னால் எழுந்திரித்து முட்டை அவிக்கிறவள் நான்தான். காலுக்கு எண்ணெய் தேய்க்கிறவள் நான்தான். என் வீட்டுக்காரர் கிணறு துளை போடுகிற போர் லாரியில் போய்விடுவார், தெலுங்கு நாடு, கன்னட நாடு என்று. வந்தால் பத்து நாள் இருப்பார். அத்தைக்கு மாட்டைப் பார்க்கவே பொழுது சரி. வயசுப்பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்று அவளோடு மைதானத்துக்கும் போட்டிக்கும் போகிறவளும் நான்தான். என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓரமாக, வேப்பமரத்தடியில் நிற்பேன். அது என் இடம்.

போன வருஷம் மாவட்டப் போட்டி. நிச்சயம் அவள்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போட்டிக்கு முந்தின வாரம் மூக்கடைப்பு. அப்புறம் இருமல், அப்புறம் காய்ச்சல். நெஞ்சுச் சளி கட்டிப்போய், ஓடுகிற அன்றைக்குப் பாதித் தூரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை வாசலில் நின்று சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

"ஏண்டி மாரி, ஒம் பிள்ளை மூக்குல வழியிறதையெல்லாம் எம் மக மேல தேச்சு வச்சிருக்க. ராத்திரி பூரா கட்டிக்கிட்டுப் படுக்க விட்டியே, இப்ப குளுந்துச்சா?"

பால் குடிக்கிற பிள்ளை அக்கா அவன். பிள்ளை என்றால் மூக்கு ஒழுகத்தான் செய்யும். அன்றையிலிருந்து அவன் கட்டில் தனி, கிண்ணம் தனி, துண்டு தனி. அவள் உள்ளே வந்தால் நான் இவனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட வேண்டும். அவன் "ஜோ, ஜோ" என்று கையை நீட்டிக்கொண்டு அழுவான். நீங்களே சொல்லுங்கள், இதில் என் குற்றம் என்ன? அவன் குற்றம்தான் என்ன?

இப்படி இருக்கும்போதுதான் ஆடிக் காற்று அடிக்கிற நேரத்தில் இந்தக் காலேஜ் டாக்டரம்மா மைதானத்துக்கு வந்தார்கள். கூடவே வெள்ளைக் கோட்டுப் போட்ட நாலைந்து பிள்ளைகள், ஐஸ் பெட்டி. மாஸ்டர் எல்லோரையும் தரையில் உட்கார வைத்தார். மாஸ்டர் என்றால் ஓடச் சொல்லிக்கொடுக்கிறவர். டாக்டரம்மா சொன்னார்கள், நம் எச்சிலில் ஒரு சத்து இருக்கிறதாம். மூக்குக்கும் தொண்டைக்கும் அதுதான் காவல்காரனாம். அளவுக்கு மீறி ஓடி ஓடி உடம்பை வருத்தினால் அந்தக் காவல்காரன் அசந்துபோவானாம். அந்த நேரம் பார்த்துத்தான் சளியும் இருமலும் உள்ளே நுழையுமாம். போட்டி நெருங்க நெருங்க ஓட்டக்காரர்கள் படுத்துக்கொள்வது அதனால்தானாம். எச்சிலை எடுத்து மிஷினில் வைத்தால் காவல்காரன் முழித்திருக்கிறானா, தூங்குகிறானா என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமாம்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்படியென்றால் என் பிள்ளை காரணம் இல்லை. ஓட்டம்தான் காரணம். இதைப் படித்த டாக்டரே சொல்லிவிட்டார்கள். இன்னும் நாலு தடவை எச்சில் எடுத்து, காகிதத்தில் போட்டு, அத்தை முன்னால் நீட்டினால், என் பிள்ளை வீட்டுக்குள் நடமாடுவான். அதற்காகவே நான் இந்த டெஸ்டுக்கு அவளை ஒரு தடவைகூட விடாமல் கூட்டிப்போனேன்.

எப்படிக் கொடுக்க வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னார்கள். "ஒரு மணி நேரம் முன்னாடியே சாப்பாடு, காப்பி, தண்ணி எல்லாம் முடிச்சிருங்கம்மா. காறித் துப்பக் கூடாது. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தானா ஊறி வழியறதை டியூப்ல விடணும்" என்றார்கள். அதற்கு மேலும் என்னவோ சொன்னார்கள். அதற்குள் லோகித் அழ ஆரம்பித்தான், நான் வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டேன். நின்று கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை, அது வேறு.

முதல் தடவை இருக்கிறதே, மானம் போய்விட்டது. பையன்களும் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு குழாயில் வழியவிடுகிறார்கள். நூல் மாதிரி தொங்குகிறது. நாகஜோதிக்கு ஒரு சொட்டு வரவில்லை. காலையில் ஓடி முடித்த வாய், காய்ந்து கிடக்கிறது. எல்லோரும் கொடுத்துவிட்டு எழுந்துபோய்விட்டார்கள். இவள் மட்டும் குனிந்தபடியே இருக்கிறாள். ஒரு பையன், "என்ன நாகஜோதி, எச்சிலைக்கூட ஓட வைக்கணுமா?" என்றான். கடைசியில் வந்தது என்னவோ கொழகொழவென்று, நுரையாக. அந்த வெள்ளைக் கோட்டுப் பெண் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எனக்கு உடம்பே கூசிவிட்டது.

எங்கள் வீட்டில் எச்சில் என்றால் அப்படி அக்கா. சொம்பில் வாய் வைத்துக் குடித்தால் அத்தை சொம்பையே வெளியில் எறிவார்கள். எல்லோரும் அண்ணாந்துதான். பெற்ற பிள்ளை கடித்ததைக்கூட நான் அவர்கள் முன்னால் வாயில் வைக்க மாட்டேன். அப்படியிருக்க, படித்த ஒரு பொம்பளை கையில், டாக்டர் கையில், தூங்கி எழுந்து ஓடி வந்த வாயிலிருந்து அழுக்கு எச்சிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன நினைப்பார்கள்? இந்தப் பிள்ளையை யார் வளர்க்கிறார்கள் என்று கேட்க மாட்டார்களா? வளர்க்கிறவள் நான்.

அதனால் அடுத்த தடவையிலிருந்து நானே பார்த்துக்கொண்டேன். ஒரு பாட்டில் தண்ணீர், கல்லுப்புப் போட்டு. குழாயில் எச்சில் கொடுக்கப் போகிறதற்குச் சற்று முன்னால் மரத்துப் பின்னால் கூட்டிப்போய் நன்றாகக் கொப்பளிக்க வைப்பேன். ஒரு வாய், இரண்டு வாய் இல்லை, பாட்டில் தீருகிற வரைக்கும். அப்புறம் ஒரு கிராம்பு, மென்று துப்பிவிட வேண்டும், மணத்துக்கு. அப்புறம் எச்சில் ஊற வேண்டுமே. அதற்குப் புளி. கொட்டையும் நாரும் எடுத்துவிட்டு, உப்பு வைத்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி முந்தானையில் முடிந்து கொண்டுபோவேன். அதை வாயில் ஒதுக்கி ஒரு நிமிஷம் சப்பிவிட்டுத் துப்பிவிட்டுப் போனால், மழை பெய்த ஓடை மாதிரி வரும். டாக்டரம்மா சொன்னதில் ஒன்றையும் மீறவில்லை பாருங்கள். தின்னவும் இல்லை, குடிக்கவும் இல்லை. எல்லாம் துப்பியாச்சு.

அன்றைக்குக் குழாய் நிமிஷத்தில் நிறைந்துவிட்டது. கண்ணாடி மாதிரி, தண்ணீர் மாதிரி, அவ்வளவு சுத்தம். வெள்ளைக் கோட்டுப் பெண், "அட, நீதான் ஃபர்ஸ்ட். சீக்கிரம் ரொப்பிட்டியே" என்றாள். நாகஜோதி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அவள்தான் முதலில் எழுந்திரிப்பாள்.

ஆனால் காகிதத்தில் என்ன வந்தது? குறைந்திருக்கிறதாம். முதல் தடவை கொழகொழவென்று கொடுத்தாளே, அது நன்றாக இருந்ததாம். இந்தச் சுத்தமான எச்சிலில் காவல்காரன் பாதிகூட இல்லையாம். அதற்கடுத்த தடவை இன்னும் குறைவு. நான் விடவில்லை. வாயில்தான் ஏதோ கோளாறு என்று இன்னும் நன்றாகக் கொப்பளிக்க வைத்தேன், மஞ்சள் போட்டேன், நாக்கை வழிக்க வைத்தேன். அதற்கடுத்து, அதைவிடக் குறைவு.

மாஸ்டர் பயந்துவிட்டார். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தார். "ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடு" என்றார். அவள் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவள் அக்கா. கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்ட மாதிரி வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அத்தை சும்மா இருப்பார்களா? முன்னே பிள்ளையைச் சொன்னார்கள், இப்போது என் சமையலைச் சொன்னார்கள். "சத்து இல்லேன்னு டாக்டரே எழுதிக் கொடுத்துட்டாங்க. என்னத்தப் பொங்கிப் போட்டாளோ மகராசி." எங்கள் மேல் குற்றமில்லை என்று காட்டத்தான் நான் இந்த டெஸ்டுக்குப் போனேன், அது என் தலையிலேயே விடிந்தது.

இதில் என் வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? இந்த மூன்று மாசத்தில் அவளுக்கு ஒரு தும்மல் கிடையாது. ஒரு தும்மல். ஐப்பசி மழை பெய்து ஊரே இருமுகிறது. லோகித் மூக்கு பஞ்சாயத்துக் குழாய் மாதிரி நிற்காமல் வடிகிறது. அவள் அத்தைக்குத் தெரியாமல் இவனைத் தூக்கி மூக்கோடு மூக்கு வைத்துக் கொஞ்சிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. மிஷின் மட்டும், இவள் விழப்போகிறாள், விழப்போகிறாள் என்கிறது.

அவளோடு ஓடுகிற ரோஸ்லின் என்று ஒரு பிள்ளை. நல்ல பிள்ளைதான், குறை சொல்லவில்லை. அது வீட்டிலிருந்து நேராக வரும், வாயைத் துடைக்காமல், கொட்டாவி விட்டுக்கொண்டு குழாயில் வழியவிடும். எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். அதற்குக் காவல்காரன் ஜம்மென்று இருக்கிறானாம். போன ஞாயிற்றுக்கிழமை ஆள் எடுக்கிற ஓட்டம். ரோஸ்லின் லொக்கு லொக்கு என்று இருமிக்கொண்டே ஓடி இரண்டாவதாக வந்தது. ஒரு சளியும் இல்லாத என் நாத்தனார் வேப்பமரத்தடியில், என் பக்கத்தில், ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் ஓட விடவில்லை. "இப்ப ஓடி நெஞ்சுல கட்டிக்கிட்டா போன வருஷம் மாதிரி மாசக்கணக்குல படுத்துருவம்மா. ரிப்போர்ட்டை மீறி நான் பண்ண மாட்டேன்" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எல்லோரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. ஷூவைக் கழுவினாள். காயவைத்தாள். காகிதத்தில் சுற்றிப் பரண் மேல் போட்டுவிட்டாள். "மதினி, முட்டை இனி எனக்கு வேணாம், லோகித்துக்குக் கொடு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மாஸ்டர் ஆள் அனுப்பினார். மாநிலப் போட்டிக்கு ஒரு இடம் இன்னும் காலியாக வைத்திருக்கிறாராம். இன்றைக்குக் காலேஜிலேயே போய் எச்சில் கொடுக்க வேண்டும். சாயங்காலமே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஏறியிருந்தால் இவள் பெயர். இல்லையென்றால் வேறு பிள்ளை. மாநிலத்தில் ஓடின சர்டிபிகேட் இருந்தால்தான் ஹாஸ்டலோடு காலேஜ் சீட்டு. இல்லாவிட்டால் பின்னலாடைக் கம்பெனி வேன் விடிகாலையில் எங்கள் தெருவுக்கே வருகிறது, அதில் ஏற வேண்டியதுதான். அவள் வயசுப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் போகிறார்கள். பரணிலிருந்து ஷூவை நான்தான் இறக்கிப் பையில் வைத்திருக்கிறேன், அவளுக்குத் தெரியாது.

என்ன அக்கா, தண்ணீரா? இருக்கிறது, இந்தாருங்கள். கொஞ்சம் உப்புக் கரிக்கும், பரவாயில்லையா? கொஞ்சம் மீதி வையுங்கள், அவள் கொப்பளிக்க வேண்டும். அக்கா. சரி, போகட்டும், தாகம். முழுக்கக் குடித்துவிட்டீர்களே. உப்புத் தண்ணீர் அது.

எதில் விட்டேன்? மிஷின். இந்த மிஷின்களுக்கு நெஞ்சு கிடையாது அக்கா. எங்கள் பால் சொசைட்டியிலும் இப்படித்தான். ஒருநாள் நான் கேனைக் கழுவி, கவிழ்த்து வைக்காமல், அவசரத்தில் அப்படியே பாலை ஊற்றிவிட்டேன். அடியில் தண்ணீர் நின்றிருக்கிறது. அங்கே பால்மானியை விட்டார்கள், சர்ரென்று மூழ்கிவிட்டது. "தண்ணிப் பாலு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாடு நல்ல மாடு. கறந்த பால் கள்ளிச்சொட்டு மாதிரிக் கெட்டி. ஆனால் மானி கெட்ட பால் என்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

ஆமாம், இப்போது கேனைக் கவிழ்த்துக் காயவைத்துத்தான் ஊற்றுகிறேன். இப்போது ஒரு குறையும் இல்லை. ஏன் கேட்கிறீர்கள்? அது பால் அக்கா. இது எச்சில். அதற்கும் இதற்கும் என்ன இருக்கிறது.

கொப்பளிக்காமலா? இல்லை இல்லை, அதெல்லாம் ஆகாது. நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் உங்களுக்கு எங்கள் வீடு தெரியாது. இன்றைக்கு டாக்டரம்மாவே நேரில் இருப்பார்கள். மற்ற நாளைவிட இன்றைக்குத்தான் சுத்தமாகப் போக வேண்டும். டாக்டரம்மாவிடம் புளியைப் பற்றிச் சொல்வதா? நல்ல கதை. அடுப்படிச் சங்கதியையெல்லாம் டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா? நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, இருமுகிற பிள்ளை ஓடுது, இருமாத பிள்ளை நிக்குது, இது என்ன நியாயம்?" அவ்வளவுதான். இப்போது உங்களிடம் எப்படி வந்தது பாருங்கள், தொண்டை அடைக்கவே இல்லை.

அந்தத் தண்ணீர் தொட்டி தெரிகிறதே, அதற்கடுத்த ஸ்டாப். காலேஜ் வாசலில் தண்ணீர்க் குழாய் கிடையாது, போன தடவை காகிதம் வாங்க வந்தபோது தேடிப் பார்த்தேன். பெட்டிக் கடை இருந்தது, இன்றைக்குச் சனிக்கிழமை, அதையும் திறக்க மாட்டான். போகட்டும், புளி இருக்கிறது. இதோ பாருங்கள், முந்தானையில். இன்றைக்கென்று புதுப்புளியாக வாங்கி, ஒரு நார் இல்லாமல் பார்த்து, கொஞ்சம் பெரிதாகவே உருட்டியிருக்கிறேன். முகர்ந்து பாருங்கள், எப்படி இருக்கிறது.

அக்கா.

அக்கா, அதை ஏன் வாயில் போட்டுக்கொண்டீர்கள்?

ஐயோ, துப்புங்கள். வேண்டாம், துப்ப வேண்டாம், துப்பி என்ன செய்ய. என்ன அக்கா நீங்கள். பெரிய மனுஷி மாதிரி இருக்கிறீர்கள், பச்சைப்பிள்ளை மாதிரி, முழுசையும். புளிப்பில் கண்ணெல்லாம் சுருங்குகிறது பாருங்கள் உங்களுக்கு. ஆசையாக இருந்தால் கேட்டிருக்கலாமே, ஊரிலிருந்து ஒரு உருண்டை கூடுதலாகக் கொண்டுவந்திருப்பேன். சிரிக்கிறீர்கள்.

நாகஜோதி எழுந்துவிட்டாள். "மதினி, இறங்கு, ஸ்டாப்பு வந்துருச்சு. பாட்டிலை எடுத்துக்கிட்டியா?" கேட்டதா? என்னத்தை எடுத்துக்கொள்வேன் நான்? தண்ணீரும் போச்சு, புளியும் போச்சு, கிராம்பு மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பஸ்ஸில் ஒரு அக்கா எல்லாவற்றையும் தின்றுவிட்டார்கள் என்று சொன்னால் நம்புவாளா?

வழி விடுங்கள், இறங்குகிறேன். என்ன, கிராம்பா? அதுவும் வேண்டுமா? இந்தாருங்கள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாசம் பாடுபட்டுக் கடைசியில், இன்றைக்கென்று பார்த்து, பிள்ளை வெறும் வாயோடு போய், தலையைக் குனிந்துகொண்டு, ஊறுகிறதை ஊறுகிறபடியே கொடுக்கப்போகிறாள். கொழகொழவென்று, நுரையோடு.

டாக்டரம்மா என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்.